ஒரு மணிக்கு வேலை முடிந்து வரும் அண்ணன் தம்பிமாருக்கு

ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை, அக்கரப்பத்தனை, நானுஓயா என்று மலைக்கு மலை பரந்து கிடக்கும் லயங்களில் குடியிருக்கும் அண்ணன்மாருக்கும் தம்பிமாருக்கும்,

இந்த மடல் மீன் சமைப்பதைப் பற்றியது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு, அரை மணி நேரத்தில், எண்ணெயும் உப்பும் அளவாகப் போட்டு, வீட்டில் இருக்கிற சட்டியிலேயே சமைப்பதைப் பற்றியது. பொம்பளைகளுக்கு எழுத வேண்டியதை எங்களுக்கு ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். நேரம் உங்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

வேலைக் கணக்கைப் பாருங்கள். காலையில் பெரட்டுக்கு ஆணும் பெண்ணும் ஒன்றாகத்தான் போகிறார்கள். கவ்வாத்து, முள்ளுக்குத்து, கான்வெட்டு, மருந்தடி என்று ஆண்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அளவு வேலை. கொடுத்த அளவை முடித்தவர் கத்தியைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வரலாம். அநேகமான தோட்டங்களில் பகல் ஒரு மணி, இரண்டு மணிக்குள் ஆண்கள் லயத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். கொழுந்துக்குப் போனவளுக்கு அந்தக் கணக்குச் செல்லாது. பகல் நிறுவை முடிந்து, கொண்டுபோன ரொட்டியைத் தின்று, மறுபடி மலை ஏற வேண்டும். அந்திக் கொழுந்தை நிறுத்து, கணக்குப்பிள்ளை கிலோவைப் பதிந்து முடிக்கும்போது நாலரை, ஐந்து ஆகிவிடும். அதன்பிறகு பிள்ளைக்காம்பராவில் விட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, வழியில் ஒரு கட்டு மிலாறு விறகைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் இஸ்தோப்பில் கால் வைக்கும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். அப்போதுதான் அடுப்பே பற்றுகிறது.

பகலுக்குப் பிறகு நீங்கள் எல்லோரும் சும்மா இருக்கிறீர்கள் என்று நான் சொல்லவில்லை. மரக்கறித் தோட்டம் கொத்துகிறவர் இருக்கிறார், ஆட்டோ ஓட்டுகிறவர் இருக்கிறார், டவுனில் மூட்டை தூக்குகிறவர் இருக்கிறார். 2021இல் ஆயிரம் ரூபாய், 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் ஏறிய நாட்சம்பளத்தை மட்டும் வைத்து ஒரு குடும்பம் நிமிர முடியாது, தெரியும். ஆனாலும் நாலரைக்கும் ஐந்தரைக்கும் நடுவில் ஓர் அரை மணி நேரம் உங்களில் மிகப் பலருக்குக் கிடைக்கிறது. அந்த அரை மணி நேரம் மீனுக்குப் போதும்.

ஆம்பளைக்குச் சமைக்க வராது என்ற பேச்சை நான் நம்புவதில்லை. மாரியம்மன் திருவிழாவுக்கு அன்னதானச் சோறு யார் ஆக்குகிறார்கள்? இருபது கிலோ அரிசி வேகும் அண்டாவை இறக்கி வடிப்பது யார்? கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் பின்பக்கம் தகரக் கொட்டகைக்குள் புகையில் நின்று சாம்பார் கிண்டுவது யார்? கொழும்பில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சாப்பாட்டுக் கடைகளில் கொத்து போடும் கைகளில் பல, நம் தோட்டத்துப் பையன்களுடைய கைகள். முந்நூறு பேருக்கு ஆக்கத் தெரிந்தவருக்கு ஐந்து பேருக்கு ஆக்கத் தெரியாமல் போகாது.

அப்படியானால் ஏன் மீன்? கொழுந்து பறிக்கும் பெண்களின் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கீழ் இமையை லேசாக இழுத்துப் பார்த்தால் உட்புறம் சிவப்பாக இருக்க வேண்டும். நம் பெண்களில் நிறையப் பேருக்கு அது வெளுத்துக் கிடக்கிறது. மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்குகிறது, அந்திக்குத் தலை சுற்றுகிறது, கால் கனக்கிறது. வேலை அலுப்பு என்று எல்லோரும் அதைத் தள்ளிவிடுகிறோம். அதில் ஒரு பங்கு அலுப்புதான். இன்னொரு பங்கு ரத்தசோகை. நம் பிள்ளைகளின் கணக்கு இன்னும் கலங்க வைக்கிறது. 2016ஆம் ஆண்டு குடிசன, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதிலும் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர். தோட்டப்புறத்தில் மட்டும் எடுத்தால் ஏறத்தாழ 32 பேர். அந்தப் பிள்ளைகளைச் சுமந்த தாய் என்ன சாப்பிட்டாள் என்ற கேள்வி அந்தக் கணக்குக்குள் இருக்கிறது.

நம் வீட்டு ராத்திரிச் சாப்பாடு கோதுமை மா ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும். கொஞ்சம் நல்ல நாளாக இருந்தால் சோறும் பருப்பும் உருளைக்கிழங்கும். வயிறு நிறையும். தசைக்கும் ரத்தத்துக்கும் வேண்டியது அதில் குறைவு. கீரையிலும் பருப்பிலும் இரும்புச் சத்து இருக்கிறது, ஆனால் உடம்பு அதில் கொஞ்சத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. மீனில் உள்ள இரும்பில் ஒரு பங்கு சுலபமாகச் சேரும் வகை. அதைவிட நல்ல செய்தி, சாப்பாட்டில் ஒரு துண்டு மீன் இருந்தால் அதே தட்டில் இருக்கும் கீரையின் இரும்பும் முன்னைவிடக் கூடுதலாகச் சேரும். ரத்தம் ஊற வேண்டிய பி12 என்ற விட்டமின் மரக்கறியில் கிடையாது, மீனில் தாராளமாக உண்டு. மீன் சாப்பிட்டாலே ரத்தசோகை ஓடிவிடும் என்று நான் ஏமாற்ற மாட்டேன். கிளினிக்கில் கொடுக்கும் இரும்புக் குளிசையையும் பூச்சி மருந்தையும் விடக்கூடாது. ஆனால் குளிசை எடுக்கும் உடம்புக்குச் சாப்பாடும் துணை நிற்க வேண்டும்.

நம் மலைக்கென்று இன்னொரு காரணமும் இருக்கிறது. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868 மீற்றர். உயரம் ஏற ஏறத் தண்ணீர் கொதிக்கும் சூடு குறைந்துகொண்டே போகும். கொழும்பில் 100 பாகையில் கொதிக்கிற தண்ணீர், ஹட்டனில் 96 பாகைக்குக் கிட்டவும் நுவரெலியாவில் 94 பாகைக்குக் கிட்டவுமே கொதித்துவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த சட்டிக்குள் சூடு ஏறாது. கடலையும் பயறும் நம் வீட்டில் வேக மறுப்பது அதனால்தான். மீனுக்கு அந்தத் தொல்லை கிடையாது. மீன் தசை 60, 65 பாகையிலேயே வெந்துவிடும். எட்டு நிமிடம், மிஞ்சினால் பத்து. கவ்வாத்து மலையில் பொறுக்கிய மிலாறு சடசடவென்று பற்றி, சீக்கிரம் தணிந்துவிடும். கடலைக்கு அதை மூன்று தடவை மூட்ட வேண்டும். மீனுக்கு ஒரு மூட்டலே போதும். எரிவாயு வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். 2022இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற யாரும் நிமிடக் கணக்கை இன்னும் மறந்திருக்க மாட்டார்கள்.

மீனுக்கு எங்கே போவது? கடலை விட்டு வெகு தூரம் வந்துவிட்ட சனம் நாம். ஆனாலும் நம் காலடியில் தண்ணீர் இருக்கிறது. 1880களில் வெள்ளைக்காரத் துரைமார் ட்ரௌட் மீனைக் கப்பலில் கொண்டுவந்து நுவரெலியா ஓடைகளில் விட்டார்கள். அவர்கள் தூண்டில் போட்டுப் பொழுது போக்குவதற்காக வந்த மீன் அது. நம் சட்டிக்கு வந்த மீன் வேறு. 1952இல் இந்த நாட்டுக் குளங்களுக்குத் திலாப்பியா வந்தது, சாதாரண சனத்துக்குப் புரதம் கிடைக்கட்டும் என்று. காசல்ரீ நீர்த்தேக்கம் 1965இலும் மவுசாக்கலை 1969இலும் மின்சாரத்துக்காகக் கட்டப்பட்டவை. மவுசாக்கலைக்கு அடியில் பழைய மஸ்கெலியா டவுனே கிடக்கிறது. தண்ணீர் நன்றாக வற்றும் வருடங்களில் பழைய கோயில் கட்டடம் வெளியே தெரியும். நம் ஊரைக் கொடுத்து நிறைந்த தண்ணீர் அது. 1990இல் அரசாங்கம் நன்னீர் மீன்பிடிக்குக் கொடுத்துவந்த ஆதரவை நிறுத்தி, 1994க்குப் பிறகுதான் மறுபடி கையில் எடுத்தது. இப்போது நீர்த்தேக்கங்களில் மீன் குஞ்சு விடுவதை நக்டா என்று நாம் சொல்லும் அதிகார சபை கவனிக்கிறது. நோர்வூட், காசல்ரீ, மஸ்கெலியாப் பக்கம் இருப்பவர்களுக்கு அன்று பிடித்த திலாப்பியா அன்றே கையில் கிடைக்கும். கடல் மீனில் எவ்வளவு காசைக் கொட்டினாலும் இந்தப் புதுசு கிடைக்காது. சேற்று மீன் என்று அதை மட்டமாகப் பேசுவதை விட்டுவிடுங்கள்.

இனி சமையல். இரண்டு நடுத்தரத் திலாப்பியா, சேர்த்து ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைய இருந்தால் ஐந்து பேர் சாப்பிடலாம். முதலில் அரிசியை உலையில் போட்டுவிடுங்கள். மீனில் கை வைக்கும் முன் கத்தரிக்கோலால் முதுகுச் செட்டையையும் பக்கச் செட்டைகளையும் வெட்டிவிடுங்கள். அந்த முள் விரலில் ஏறினால் ராத்திரி முழுவதும் கடுக்கும். பிறகு வாலைப் பிடித்துக்கொண்டு, கத்தியின் பின்பக்கத்தால் வாலிலிருந்து தலைப் பக்கமாகச் சுரண்டினால் செதில் தெறித்துக்கொண்டு வரும். வாளித் தண்ணீருக்குள் வைத்துச் சுரண்டினால் சுவரெல்லாம் ஒட்டாது. செவுளைப் பிடுங்குங்கள். வயிற்றைக் கீறிக் குடலை எடுத்த பிறகு உள்ளே ஒரு கறுப்புச் சவ்வு ஒட்டியிருக்கும். பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கல்லுப்பைத் தொட்டு விரலால் தேய்த்தால் உரிந்து வந்துவிடும். முதுகெலும்பை ஒட்டி ஓடும் கறுத்த ரத்தக் கோட்டையும் நகத்தால் கீறிக் கழுவுங்கள். துண்டுகளாக வெட்டி, எலுமிச்சம் பாதியும் மஞ்சளும் உப்பும் பூசி ஐந்து நிமிடம் வையுங்கள். சேற்று வாடைக்குப் புளிப்புதான் மருந்து.

அந்த ஐந்து நிமிடத்தில் சின்ன வெங்காயம் ஒரு கை, நாலு பல் பூண்டு, மூன்று பச்சை மிளகாய், இரண்டு தக்காளி நறுக்குங்கள். சட்டியில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் போதும். ஊற்றும்போது போத்தலைக் கவிழ்க்காமல் கரண்டியில் அளந்து ஊற்றுங்கள், வித்தியாசம் மாதக் கடைசியில் தெரியும். கடுகு, கொஞ்சம் வெந்தயம், கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை. வெங்காயம் பூண்டு வதங்கியதும் தக்காளி. அது மசிந்ததும் மிளகாய்த் தூள், மல்லித் தூள், மஞ்சள். தூள் கருகாமல் ஒரு தடவை பிரட்டி, புளித் தண்ணீர் ஒன்றரைக் கோப்பை ஊற்றிக் கொதிக்க விடுங்கள். நன்றாகக் கொதித்து பச்சை வாசம் போன பிறகுதான் மீன் இறங்க வேண்டும். துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்காமல் பரப்பி வையுங்கள். மூடி போட்டு, கட்டையை வெளியே இழுத்து, சின்ன நெருப்பில் எட்டு நிமிடம். கரண்டி போடாதீர்கள். சட்டியின் இரண்டு காதையும் துணியால் பிடித்து ஒரு சுழற்று, அவ்வளவுதான். தடித்த துண்டு ஒன்றை முள்ளோரம் விரித்துப் பாருங்கள். கண்ணாடி போலத் தெரிந்த தசை பால் வெள்ளையாக மாறி முள்ளை விட்டு நழுவினால் இறக்கிவிடலாம். தேங்காய் இருந்தால் கடைசியில் அரைக் கோப்பைப் பால். இல்லாவிட்டால் மிளகைத் தட்டிப் போட்டு இறக்குங்கள், குளிருக்கு அதுதான் எனக்குப் பிடிக்கும்.

நீர்த்தேக்கத்துக்குத் தூரமாக, அக்கரப்பத்தனை, டயகம பக்கம் இருப்பவர்களுக்கு மீன் வண்டிதான் கதி. பேலியகொடை மொத்தச் சந்தையில் ஏலம் போன மீன் ஐஸ் பெட்டியில் ஏறி, அவிசாவளை, கினிகத்தேனை வழியாக ஏ7 பாதையில் ஹட்டனுக்கு வந்து, அங்கிருந்து மோட்டார் சைக்கிள் பெட்டியில் லயத்து வாசலுக்கு வருகிறது. படகிலும் சில நாள் கிடந்திருக்கும். ஆகவே வாங்கும் கையில்தான் கவனம் இருக்க வேண்டும். கண் பளபளவென்று வெளியே முட்டிக்கொண்டிருக்கிறதா, செவுள் சிவப்பா, விரலால் அமுக்கினால் பள்ளம் உடனே நிரம்புகிறதா, பாருங்கள். பலயா, கெலவல்லா, சாலயா, லின்னா போன்ற மீன்களில் இன்னொரு ஆபத்து உண்டு. ஐஸ் போதாமல் சூட்டில் கிடந்தால் அவற்றின் தசையில் ஹிஸ்டமின் என்ற நஞ்சு ஊறும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து, தலை இடிக்கும். மீன் கிரந்தி என்று நம் வீடுகளில் சொல்வதில் இதுவும் ஒன்று. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. மீன் நாக்கில் மிளகு போலக் குத்தினால் தூக்கி எறியுங்கள். நம் ஊர்தான் குளிருகிறதே என்று மீனை இஸ்தோப்பில் மூடி வைத்துவிட்டு மறுநாள் சமைப்பதும் வேண்டாம். நுவரெலியாப் பகல் கூட மீனுக்குச் சூடுதான். வாங்கிய அன்றே சட்டியில் ஏற்றுங்கள்.

கூடுதலாக வாங்கிவிட்டீர்களா? பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்காரர் செய்யும் அம்புல் தியல் நமக்கும் தோதான சமையல். கொறக்காவை ஊறவைத்து அம்மியில் அரைத்து, மிளகும் உப்பும் சேர்த்து, துண்டு துண்டாக வெட்டிய பலயாவில் பிசறி, எண்ணெய் ஒரு துளியும் இல்லாமல், தண்ணீர் வற்றும்வரை மெல்லிய நெருப்பில் விடுங்கள். அந்தப் புளிப்பு மீனைக் காக்கும். மறுநாள் ராத்திரிக்குக் குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே வைத்துச் சூடாக்கிச் சாப்பிடலாம். பெரிய தலபத்துக்கும் மோராவுக்கும் காசைக் கொட்ட வேண்டாம். அவற்றில் பாதரசம் கூடுதல், பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது. சாலயா போன்ற சின்ன மீன் விலையும் குறைவு, நல்ல கொழுப்பும் கூடுதல், வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கும் அதுதான் நல்லது.

வண்டி வராத நாள், கையில் காசில்லாத நாள் என்று மாதத்தில் பாதி ஓடிவிடும். பத்தாம் திகதி சம்பளத்தன்று இறைச்சியும் மீனுமாகக் கொண்டாடிவிட்டு, அடுத்த மூன்று கிழமை சம்பலோடு ஓட்டுவது நம் வழக்கம். அந்த ஒரு நாள் செலவைப் பிரித்து, கிழமைக்கு இரண்டு ராத்திரி என்று மீனுக்கு வைத்துப் பாருங்கள். வண்டியோ காசோ இல்லாத நாளில் நெத்தலிக் கருவாடு கை கொடுக்கும். காய்ந்த நெத்தலியில் எடையில் பாதிக்கும் மேல் புரதம். முள்ளோடு தின்பதால் சுண்ணாம்புச் சத்தும் சேரும். அதன் குறை உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது, ஒரு தேக்கரண்டிக்கும் உள்ளே. கழுவாத கருவாட்டுக் குழம்பும் அதோடு உப்புப் போட்ட சோறும் அந்த அளவை ஒரே வேளையில் தாண்டிவிடும். பிரஷர் என்று ஆஸ்பத்திரிக்கு அலையும் நம் அப்பாமாரும் அம்மாமாரும் எத்தனை பேர்!

ஆகவே நெத்தலியின் தலையைக் கிள்ளி எறிந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, இரண்டு தண்ணீரில் அலசுங்கள். வெறும் சட்டியில் ஈரம் போக வறுத்து எடுத்து வையுங்கள். லீக்ஸ் நம் மண்ணில் விளைவது, கொழும்பில் இருப்பவர்களுக்குக் கிடைக்காத பச்சையில் நமக்குக் கிடைக்கிறது. அதை நீளவாக்கில் பிளந்து, மடலுக்கு மடல் விரித்துக் கழுவுங்கள். உள்ளே ஒளிந்திருக்கும் மண் பல்லில் அரைபட்டால் எல்லா உழைப்பும் வீண். வெள்ளையையும் பச்சையையும் சேர்த்தே மெல்லிசாக வெட்டுங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் வெங்காயம், செத்தல் மிளகாய், பிறகு லீக்ஸ், மூன்று நிமிடம், கடைசியில் நெத்தலி. உப்புப் போடாதீர்கள், நெத்தலியே போட்டுவிடும். இறக்கிய பிறகு எலுமிச்சை பிழியுங்கள். அந்தப் புளிப்பும் இரும்பைச் சேர்க்க உதவுகிற ஒன்று. அடுப்பில் ஏற்றி இறக்க ஐந்து நிமிடம் போதும் இதற்கு. ரொட்டிக்கு இதைவிடப் பொருத்தமான கறி மலையகத்தில் வேறு இருக்கிறது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

டின் மீன் ஏற்கெனவே வெந்த மீன். 425 கிராம் டின் ஒன்று, கால் கோவா, இரண்டு உருளைக்கிழங்கு, ஐந்து பேருக்குக் கறி. உப்புத் தண்ணீரை வடித்துவிடுங்கள். நடுமுள் விரலில் நசுங்கும் அளவுக்கு மெதுவாக இருக்கும், அதை எறியாமல் மசித்துப் பிள்ளைகளின் சோற்றில் கலந்துவிடுங்கள். எஸ்எல்எஸ் முத்திரை பார்த்து வாங்குங்கள், உப்பிய டின் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். வெள்ளி, செவ்வாய் கவுச்சி சேர்க்காத வீடுகளும், காமன் கூத்துக்குக் காப்புக் கட்டியவர்களும் அந்த நாட்களில் பயறுக்கும் கடலைக்கும் போகட்டும், காலையிலேயே ஊறப் போட்டுவிட்டு.

இனி, சமைத்ததைப் பரிமாறுவது. இந்த மடலில் எனக்கு மிக முக்கியம் இதுதான். நம் வீடுகளில் மீன் வருகிற வழி எல்லோருக்கும் தெரியும். நடுத் துண்டு அப்பாவுக்கு, அடுத்தது பெரிய பையனுக்கு, அப்புறம் சின்னதுகளுக்கு. வயசுக்கு வந்த பிள்ளைக்கு வால் துண்டு. அம்மாவுக்குச் சட்டியில் ஒட்டிய குழம்பில் பிரட்டிய சோறு. யாரும் அவளுக்குக் கொடுக்கக் கூடாது என்று நினைத்துச் செய்வதில்லை. அவளே பரிமாறுகிறாள், அவளே தனக்கு இல்லாமல் செய்துகொள்கிறாள், கேட்டால் எனக்கு மீன் அவ்வளவு பிடிக்காது என்பாள். என் அம்மாவும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். பென்சன் எடுத்து, நாங்கள் எல்லோரும் உழைக்கப் போன பிறகு, மீன் தலையை அவர் உறிஞ்சிச் சாப்பிடுவதைப் பார்த்தபோதுதான் அவருக்கு மீன் எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

நீங்கள் சமைத்தால் கரண்டி உங்கள் கையில் இருக்கும். அதனால்தான் வெறும் சமையலோடு இந்த மடலை நிறுத்த எனக்கு மனமில்லை. மீனை வெட்டும்போதே தலைக்கணக்குப் பார்த்து வெட்டுங்கள். ஐந்து பேர் என்றால் ஐந்து சமமான துண்டு. வேலை முடிந்து வந்தவள் கை கால் கழுவிக்கொண்டு வருவதற்குள் அவள் தட்டில் துண்டை வைத்துவிடுங்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கும், பால் கொடுக்கிறவளுக்கும், மாதம் மாதம் ரத்தம் போகும் வயதில் உள்ள பொண்ணுகளுக்கும் உங்களைவிட இரும்பு கூடுதலாக வேண்டும். ஒரு துண்டு மிஞ்சினால் அவர்களுக்குப் போகட்டும்.

சாப்பிட்டு முடித்ததும் சூடாக ஒரு பிளேன்டி குடிக்காவிட்டால் நம் ஆட்களுக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. நாம் பறித்து நாம் ஆக்கிய தேயிலை, அதைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் உண்மை இருக்கிறது. தேயிலைச் சாயம் சோற்றோடு சேர்ந்தால் கீரை, பருப்பின் இரும்பை உடம்பில் ஏறவிடாமல் பிடித்துக்கொள்ளும். அரை மணி நேரம் பாடுபட்டுச் சமைத்ததை ஒரு கோப்பை சாயம் கெடுத்துவிட வேண்டாம். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். குளிர் தாங்கவில்லை என்றால் சூடாக மல்லித் தண்ணீர் போட்டுக் கொடுங்கள், சுடுதண்ணீர் கூடப் போதும். பகல் மலையில் ரொட்டியோடு சாயம் குடிக்கும், கொழுந்துக்குப் போகிறவளின் பழக்கத்தையும் மெல்ல மாற்றப் பேசிப் பாருங்கள்.

முதல் நாள் அக்கம்பக்கத்துக் காம்பராவில் ஆள் எட்டிப் பார்க்கும். பொண்டாட்டிக்குச் சமைத்துப் போடுகிறானே என்று ஒரு பேச்சு வரும். வரட்டும். அந்தப் பேச்சைப் பேசுகிறவர் வீட்டுப் பிள்ளை அன்று ராத்திரி உங்கள் வீட்டு வாசத்துக்கு இஸ்தோப்பில் வந்து நிற்கும், அதற்கும் ஒரு வாய் கொடுங்கள். வளர்ந்த மகன் இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்து வெங்காயம் உரிக்கச் சொல்லுங்கள். மகளைக் கூப்பிடாதீர்கள், அவள் புத்தகத்தோடு இருக்கட்டும்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். மீன் குடலையும் செதிலையும் லயத்துக்குப் பின்னால் கானுக்குள் வீசாதீர்கள். அதற்கு நாய் வரும். நாயைத் தேடிச் சிறுத்தை வரும். நம் தோட்டங்களில் கொழுந்து மலையில் சிறுத்தையிடம் கடிபட்டவர்களில் பெண்களும் உண்டு. மரக்கறிப் பாத்தியில் ஒரு முழம் ஆழத்துக்குக் குழி வெட்டி, கழிவைப் போட்டு, சாம்பல் தூவி, மண்ணை மிதித்து மூடி, மேலே ஒரு கல்லை வையுங்கள். மூன்று மாதம் போனால் அந்த இடத்தில் லீக்ஸ் நடலாம்.

அன்புடன்,
கொழுந்து எடுத்தவள் வயிற்றில் பிறந்த ஒருத்தி